காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட்: வீட்டிலேயே பிரித்துப் பார்த்துப் பராமரிப்பது எப்படி

மூன்று வருடமாக நான் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்வந்த ஜாக்கெட் அது. ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் அதை விரித்து, உள்ளே இருந்த சிலிண்டரைத் திருகிப் பார்த்தேன். விரலுக்கு எந்த இறுக்கமும் தெரியாமல் சுழன்றது. இரண்டரைச் சுற்று சுற்றிய பிறகுதான் இறுகியது. முந்தைய பருவத்தில் என்றைக்காவது நான் படகிலிருந்து விழுந்திருந்தால், உள்ளே இருக்கும் ஊசி சிலிண்டரின் வாய்க்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும் கேஸ் பைக்குள் போகாமல் மரை வழியாக வெளியே சீறிப் போயிருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. துணி புதிது போல இருந்தது, ஊசி இன்னும் பாயவில்லை என்று காட்டும் பச்சை அடையாளம் பச்சையாகவே இருந்தது.

அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை, எங்கள் வீட்டு ஜாக்கெட்டுகளோடு என்னுடன் படகில் வருகிறவர்களின் ஜாக்கெட்டுகளையும் சேர்த்து நானே பிரித்துப் பார்க்கிறேன். நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனில். ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள சோலண்ட் நீரிணையில் பாய்மரப் படகு ஓட்டுகிறோம். பிப்ரவரி, மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயின் தண்ணீர் 8, 9 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் விழுகிறவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது, அடுத்த சுமார் 10 நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்பது குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் ஜாக்கெட்டோடு போராட முடியாது, அது தானாக வேலை செய்தே ஆக வேண்டும். இங்கே எழுதியிருக்கிற எல்லாமே அதற்காகத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

சுற்றுலாப் படகுகளில் தருகிறார்களே, தடிமனான ஆரஞ்சு ஜாக்கெட், அதற்குள் இருப்பது ஃபோம். அது கிழிந்தாலும் ஓரளவு மிதக்கும். காற்று நிரம்பும் ஜாக்கெட் அப்படியில்லை, அது ஓர் இயந்திரம். கழுத்தைச் சுற்றி வரும் ஒரு காற்றுப்பை, அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அடைத்த ஒரு சின்ன இரும்பு சிலிண்டர், அந்த சிலிண்டரைக் குத்தித் திறக்கும் ஃபயரிங் ஹெட், வாயால் ஊதுவதற்கு ஒரு குழாய், இவை எல்லாவற்றையும் மூடி மடித்து வைக்கும் மேல் உறை. இதில் எது ஒன்று சொதப்பினாலும் நீங்கள் போட்டிருப்பது வெறும் துணிதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பராமரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கரையோரப் படகுகளில் அதிகம் பயன்படுவது ஐஎஸ்ஓ 12402 தரத்தில் 150 நியூட்டன் வகை. 150 நியூட்டன் தூக்குவிசை கிடைக்க அந்தப் பை 15 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தண்ணீரை விலக்க வேண்டும். இதற்கு வழக்கமாக வரும் சிலிண்டரில் 33 கிராம் கேஸ் இருக்கும், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது ஏறக்குறைய 18 லிட்டர். அதாவது கையிருப்பு மூன்று லிட்டருக்கும் குறைவு. 5 கிராம் கேஸ் கசிந்து போயிருந்தாலே 2.7 லிட்டர் போய்விடும், கையிருப்பு கிட்டத்தட்ட காலி. கையில் தூக்கிப் பார்த்து இந்த 5 கிராம் வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது. கனமான மழைக்கோட்டும் பூட்ஸும் போட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கான 275 நியூட்டன் வகையில் 60 கிராம் சிலிண்டர் இருக்கும், கணக்கு அதே மாதிரிதான்.

தொடங்கும் முன்

ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், காற்றுச் சோதனைக்கு மட்டும் ஒரு நாள் தனியாக. தேவைப்படுவது ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு, சோப்புத் தண்ணீர், ஒரு பழைய பருத்தித் துண்டு, அழியாத மை பேனா, ஒரு டார்ச், உங்கள் போன். ஜாக்கெட்டோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள், இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கானதை இறக்கிக்கொள்ளுங்கள். நான் சொல்வது பொதுவான முறை. கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

ஜாக்கெட்டை விரிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு போட்டோ எடுங்கள். இதைச் சொன்னால் பலர் கேட்பதில்லை, அப்புறம் திரும்ப மடிக்கும்போது அரை மணி நேரம் முழிப்பார்கள். காற்றுப்பை எந்தப் பக்கம் எப்படி மடிந்திருந்தது, கையால் இழுத்துப் பையை நிரப்பும் இழுகயிறு எந்த வழியாக வெளியே வந்தது, விளக்கின் ஒயர் எங்கே போனது, எல்லாம் போட்டோவில் இருக்கட்டும்.

வெளிப்புறம்

இதில் நிறைய நேரம் செலவாகாது. மேல் உறையின் நிறம் வெளுத்திருந்தால் வெயில் தின்றிருக்கிறது என்று அர்த்தம், தையலைக் கூர்ந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் தையல் நூல் துணியின் நிறத்திலிருந்து மாறுபட்டு இருக்கும், அறுந்த இடம் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். இடுப்புப் பட்டையை முழு நீளத்துக்கும் விரலுக்கு நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள், விளிம்பு பிசிறடித்திருந்தால் கையில் சொரசொரவென்று தெரியும். பக்கிளை மாட்டி, ஆத்திரம் தீர இழுங்கள். பிளாஸ்டிக் பக்கிளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காலிடுக்கு வழியாகப் போகும் பட்டை இருக்கிறதா? இருந்தும் பயன்படுத்தாமல் சுருட்டி உள்ளே செருகி வைத்திருக்கிறீர்களா? இதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அந்தப் பட்டை இல்லாமல் தண்ணீரில் விழுந்தால், பை நிரம்பியதும் ஜாக்கெட் மேலே ஏறும், உங்கள் உடம்பு கீழே சறுக்கும், முகம் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். பட்டை இல்லாத ஜாக்கெட் என்றால் தனியாக வாங்கி மாட்டலாம், விலை அதிகமில்லை. ஜாக்கெட்டைப் போட்டு, பட்டைகளை இழுத்து மாட்டி, நெஞ்சுக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவே கை முஷ்டி ஒன்று மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம் வையுங்கள். கோடையில் டி-ஷர்ட்டுக்கு மேல் வைத்த அளவு குளிர்காலத்துக் கோட்டுக்கு மேல் சரிப்படாது, ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியதுதான்.

சிலிண்டர்

உறையைப் பிரித்ததும் முதலில் சிலிண்டரைக் கழற்றுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால், தெரியாமல் இழுகயிறை இழுத்துவிட்டாலும் மேசையில் ஒன்றும் வெடிக்காது. கழற்றும்போதே எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று கவனியுங்கள். படகின் அதிர்வு, கார் டிக்கியில் கிடந்து உருள்வது, தினமும் போட்டுக் கழற்றுவது, எல்லாம் சேர்ந்து மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். என் ஜாக்கெட்டுக்கு நடந்தது அதுதான், இந்த வகை ஜாக்கெட்டுகளில் அடிக்கடி அகப்படும் கோளாறும் அதுதான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்க, கடலுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் உறைக்கு மேலேயே கையை வைத்து சிலிண்டரைப் பிடித்து வலப்புறமாக ஒரு திருகு திருகிப் பாருங்கள். ஐந்து வினாடி வேலை.

கழற்றிய சிலிண்டரின் வாயைப் பாருங்கள். மெல்லிய உலோக மூடி முழுசாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் ஊசி குத்திய துளை இருந்தால் அது காலி சிலிண்டர். இப்படிக் காலி சிலிண்டரோடு தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஜாக்கெட்டை என் கையாலேயே பிரித்திருக்கிறேன், யாரோ எப்போதோ இழுத்துவிட்டு, காற்றை இறக்கி, மடித்து, மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்தது எடை. சிலிண்டரின் உடம்பில் குறைந்தபட்ச மொத்த எடை என்று ஒரு எண் அச்சடித்தோ பொறித்தோ இருக்கும். அது இரும்பும் கேஸும் சேர்ந்த எடை, 33 கிராம் என்ற கேஸின் எடையோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதாரணமாக 144 கிராம் என்று போட்டிருந்தால் உங்கள் தராசு 144 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். குறைந்தால் தூக்கிப் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். சில சிலிண்டர்களில் குறைந்தபட்சம் என்று சொல்லாமல் வெறும் மொத்த எடை மட்டும் இருக்கும், அங்கே எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதைக் கையேடு சொல்லும், பெரும்பாலும் அது 2 கிராம். தராசின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் முதலில் ஒரு புது சிலிண்டரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடையை அழியாத மையில் சிலிண்டர் மேலேயே, தேதியோடு எழுதிவிடுங்கள். அடுத்த முறை நிறுக்கும்போது ஒரு கிராம் குறைந்திருந்தால்கூட உடனே தெரிந்துவிடும்.

துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். துரு பிடித்த சிலிண்டர் எடை சரியாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். சொரசொரப்பான துரு, மடிந்து கிடக்கும் காற்றுப்பையின் மேல் பருவம் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் படிந்திருந்த இடத்தில் பையில் பழுப்புக் கறை தெரிந்தால் அந்த இடத்தை வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், காற்றுச் சோதனையில் அங்கே குறிப்பாகப் பார்க்க வேண்டும்.

புது சிலிண்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மரை வேறாக இருக்கும்; அளவு ஒன்றாக இருக்கும், கேஸ் எடை வேறாக இருக்கும்; சிலவற்றில் மரையே கிடையாது, உள்ளே செருகித் திருப்பிப் பூட்டும் வகை. ஜாக்கெட்டின் மாடலைச் சொல்லி, அதற்கான முழு கிட்டாக வாங்குங்கள். சிலிண்டர், தண்ணீர் பட்டதும் கரைந்து ஊசியை விடுவிக்கும் மாத்திரை, நெம்புகோலில் மாட்டும் பச்சை கிளிப் மூன்றும் சேர்ந்தே வரும்.

ஃபயரிங் ஹெட்

இங்கே உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். கையால் இழுத்தால் மட்டும் வேலை செய்யும் வகையில் ஒரு நெம்புகோலும் ஊசியும்தான், பார்க்க வேண்டியது கொஞ்சம். தானாக இயங்கும் வகைகளில் மூன்று பேர் அதிகம் கண்ணில் படுவார்கள். ஹால்கி ராபர்ட்ஸ் வகையில் ஒரு சின்ன பாபினுக்குள் தண்ணீரில் கரையும் மாத்திரை இருக்கும், அது கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஊசி பாயும். யூஎம்எல் வகையில் மாத்திரைக்குப் பதிலாக, காகிதம் போன்ற செல்லுலோஸ் வைத்த ஒரு கேப்ஸ்யூல். மூன்றாவது ஹம்மார், அது ஈரத்துக்கு அசையாது, தண்ணீரின் அழுத்தத்துக்குத்தான் அசையும். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கினால்தான் அதன் வால்வு திறக்கும். மழையும் அலைத்தெறிப்பும் அதிகமாக வாங்குகிறவர்கள் அதை விரும்புவதற்கு அதுதான் காரணம்.

மாத்திரையையோ கேப்ஸ்யூலையோ கழற்றித் தேதியைப் படியுங்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: யூஎம்எல் கேப்ஸ்யூலில் இருப்பது காலாவதியாகும் தேதி, ஹால்கி ராபர்ட்ஸ் பாபினில் இருப்பது தயாரித்த தேதி, அதிலிருந்து 3 வருடம் என்று பொதுவாகக் கணக்கு. ஒன்றை மற்றதாக நினைத்துக்கொண்டால் ஒன்று நல்லதைக் குப்பையில் போடுவீர்கள், இல்லையென்றால் கெட்டுப்போனதை நம்பிக் கடலில் இறங்குவீர்கள். ஹம்மார் வகையில் தலை முழுவதையும் 5 வருடத்தில் மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே இருக்கும். ஹம்மாரில் சிலிண்டர் காற்றுப்பைக்கு உள்ளே இருப்பதால் தனியாகக் கழற்றி நிறுக்க வழியில்லை. பையோடு சேர்த்துப் பிடித்து, இறுக்கமாக இருக்கிறதா என்று திருகி மட்டும் பார்க்கலாம்.

தேதி சரியாக இருந்தாலும் மாத்திரையைக் கண்ணால் பாருங்கள். விளிம்பு பொடிந்தோ, ஒரு பக்கம் ஊறிப் பருத்தோ இருந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. இப்படி ஊறியது ஒருநாள் நடுராத்திரியில் படகின் அலமாரிக்குள் தானாக ஊசியை விட்டுப் பையை நிரப்பிவிடும், நான்கு பேர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்வார்கள். அதைவிட மோசம், மறுநாள் காலையில் ஒரு ஜாக்கெட் குறைவாக இருக்கும்.

ஹெட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி உள்வாங்கி இருக்க வேண்டும். பச்சைத் துரு, உப்புப் படிவம் எதுவும் இருக்கக் கூடாது. சிலிண்டர் உட்காரும் இடத்தில் உள்ள ரப்பர் வாஷர் வெடிப்பில்லாமல் மென்மையாக இருக்க வேண்டும். நெம்புகோலை மெதுவாக ஒருமுறை அசைத்து, ஊசி வழுக்கிக்கொண்டு போய் வருகிறதா என்று பார்த்துப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள்.

பச்சை அடையாளத்தைப் பற்றி. என்னோடு படகில் வரும் ஒரு தம்பி போன வருடம் கேட்டார்: "அண்ணா, பச்சைதானே காட்டுது, அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?" நியாயமான கேள்வி. பல ஹெட்டுகளில் அந்தப் பச்சை சொல்வது ஒன்றே ஒன்றுதான், ஊசி இன்னும் பாயவில்லை என்பது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, சிலிண்டர் இறுகியிருக்கிறதா, மாத்திரையின் தேதி என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. புதிய சில மாடல்களில் சிலிண்டர் சரியாக உட்காராவிட்டால் பச்சை வராதபடி செய்திருக்கிறார்கள், அது நல்ல முன்னேற்றம். அதுவும்கூட எடையைச் சொல்லாது. அந்தத் தம்பியின் ஜாக்கெட்டை அன்றே பிரித்தோம், சிலிண்டர் சரியாக இருந்தது, மாத்திரையின் தேதி 14 மாதம் தாண்டியிருந்தது.

காற்றுப்பை

சிலிண்டரும் மாத்திரையும் வெளியே இருக்கும்போதே பையை ஊதுகுழாய் வழியாக வாயால் ஊதுங்கள். விறைப்பாக நிற்கும் வரை ஊதினால் போதும். வாய் ஈரம் உள்ளே போவது பிடிக்காதவர்கள் சின்னக் கைப் பம்பு பயன்படுத்தலாம், கார் டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரை அருகிலேயே கொண்டுவராதீர்கள், பையின் ஒட்டுகள் பிளந்துவிடும்.

ஊதியதும் ஊதுகுழாயின் மேல் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்வில் மணலோ உப்போ சிக்கியிருக்கும், நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் பையை மடிப்பு விழுந்த கோடுகள் நெடுகச் சோப்புத் தண்ணீரால் தடவுங்கள். கசிவு அதிகம் தோன்றுவது அங்கேதான், பையின் நடுவில் அல்ல, வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடிந்து மடிந்து தேய்ந்த கோட்டில். துருக்கறைக்கு வட்டம் போட்ட இடம், ஹெட் பையோடு சேரும் இடம், இரண்டையும் மறக்காதீர்கள்.

எல்லாம் துடைத்துவிட்டு, ஊதியபடியே 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலிலோ வேண்டாம். ராத்திரி அறை குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கும், பை கொஞ்சம் தளர்ந்தது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஊதிய அதே வெப்பநிலையில் மறுநாள் அதே நேரத்தில் அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போதும் தொய்ந்திருந்தால் ஜாக்கெட் வேலையிலிருந்து விலகியது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது போல இதற்கு ஒட்டாதீர்கள். சர்வீஸ் மையத்துக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் புதிது வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். சோதனைக்காக ஊதி வைத்திருக்கும் பையில் சிலிண்டரை மாட்டி இழுகயிறை இழுக்கவே கூடாது. ஏற்கெனவே நிறைந்த பைக்குள் 18 லிட்டர் கேஸ் புகுந்தால் பை கிழியும்.

காற்றை இறக்க, ஊதுகுழாயின் மூடியைத் திருப்பி அதன் முனையால் வால்வை அழுத்துங்கள், மூடி அதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. பேனா முனை, ஸ்க்ரூடிரைவர், சாவி எதையும் உள்ளே விடாதீர்கள், வால்வில் ஒரு கீறல் விழுந்தால் அது எப்போதும் கசியும். அடியிலிருந்து குழாயை நோக்கி மெதுவாக உருட்டிக்கொண்டே வந்து முழுக்க இறக்குங்கள். கொஞ்சம் காற்று உள்ளே நின்றாலும் மடிப்பு தடித்து உறை மூடாது. மூடியைத் திரும்பச் சரியான பக்கம் மாட்டுங்கள். தலைகீழாக மாட்டி வைத்தால் வால்வு திறந்தே இருக்கும், தண்ணீரில் பை நிரம்பிய வேகத்திலேயே இறங்கும்.

விளக்கு, விசில், மற்றவை

விளக்கின் பேட்டரித் தேதியைப் பாருங்கள், பல விளக்குகளுக்கு 5 வருடம். தண்ணீர் பட்டால் எரியும் வகையில் உலோக முனைகள் இரண்டு இருக்கும், அவற்றை உலர்ந்த துணியால் துடையுங்கள். சோதிக்கப் பொத்தான் இருந்தால் ஒருமுறை அழுத்துங்கள், நனைத்துப் பார்க்காதீர்கள். விசிலை ஊதுங்கள், அது கயிற்றோடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டைகள் உரிந்திருந்தால் மாற்றுங்கள், ராத்திரியில் தேடல் விளக்குக்கு உங்கள் தலை கண்ணில் படுவது அதனால்தான். முகத்தை மூடும் தெறிப்புத்திரை இருந்தால் வெளியே இழுத்து விரித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு விரியாமல் போவதுண்டு. பிஎல்பி, அதாவது ஆபத்தில் மீட்புப் படைக்குச் சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி, மாட்டியிருந்தால் அதன் பேட்டரித் தேதியோடு, உங்கள் பெயரில் பதிவு செய்திருக்கிறதா, பதிவில் உள்ள போன் எண் இப்போதும் உங்களுடையதுதானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

திரும்ப மாட்டுவது

வரிசை முக்கியம். முதலில் மாத்திரை அல்லது கேப்ஸ்யூல். அது சரியாக உட்கார்ந்து, நெம்புகோல் பழைய இடத்தில் இருந்து, பச்சை கிளிப் மாட்டி, அடையாளம் பச்சை காட்டுகிறது என்று உறுதியான பிறகு, கடைசியாகத்தான் சிலிண்டர். மாற்றிச் செய்தால், ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் சிலிண்டரைத் திருகுவீர்கள், திருகும்போதே அது குத்திக்கொண்டு சீறும். சிலிண்டரைக் கையால் மட்டும் இறுக்குங்கள், முழு பலத்தோடு, ஆனால் இடுக்கி வேண்டாம். இடுக்கி போட்டால் பிளாஸ்டிக் மரை போகும், வாஷரும் நசுங்கும்.

மாட்டி முடித்ததும், மடிக்கும் முன் ஒருமுறை கேளுங்கள், காதை ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்து. மெல்லிய உஸ் சத்தம் இருந்தால் தெரியும்.

இனி போட்டோக்களைப் பார்த்து மடியுங்கள். பையை முறுக்காமல், ஒட்டுகளை நசுக்காமல், உறைக்குள் தட்டையாக வையுங்கள். ஜிப்போ வெல்க்ரோவோ மூடியதும், இழுகயிறின் கைப்பிடி வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். அது உள்ளே மாட்டிக்கொண்டு மூடப்பட்ட ஜாக்கெட்டுகள் ஏராளம். தானாக இயங்கும் ஜாக்கெட்டாக இருந்தாலும் அந்தக் கைப்பிடி உங்கள் இரண்டாவது வழி, ஊதுகுழாய் மூன்றாவது வழி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கையால் தேடி எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பருவத்தின் நடுவே

உப்புத் தண்ணீரில் நனைந்த ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். தானாக இயங்கும் வகையென்றால் அலசுவதற்கு முன் சிலிண்டரையும் மாத்திரையையும் கழற்றிவிடுங்கள். அகலமான மரம் அல்லது பிளாஸ்டிக் ஹேங்கரில் தொங்கவிடுங்கள், கம்பி ஹேங்கர் துருவும், உரசும். ரேடியேட்டர் மேல் போடாதீர்கள். சலவைத்தூள், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். படகில் டீசலும் பேட்டரியும் இருக்கும் அறைக்குள் திணிக்காதீர்கள், தலையணையாக வைத்துக்கொள்ளாதீர்கள், மேலே உட்காராதீர்கள். சென்னை மாதிரி வெயிலில் பூட்டிய காரின் டிக்கியில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. 31 டிகிரி தாண்டினால் சிலிண்டருக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்காது, அதற்கு மேல் சூடு ஏற ஏற அழுத்தம் வேகமாக உயரும்.

இங்கே படகுகளை அக்டோபர், நவம்பரில் கரையேற்றி ஏப்ரல் வாக்கில் மீண்டும் இறக்குகிறோம், அதனால் கரையேற்றும்போது ஒருமுறை, இறக்கும் முன் மார்ச்சில் ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். இதற்கு மேல், தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் முறையான சர்வீஸுக்கும் அனுப்ப வேண்டும், வீட்டில் பார்ப்பது அதற்கு மாற்று இல்லை. சரக்குக் கப்பல்களில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமே அல்ல, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் விதிப்படி காற்று நிரம்பும் ஜாக்கெட்டுகள் 12 மாதத்துக்குள் அங்கீகரித்த மையத்தில் சர்வீஸ் ஆக வேண்டும். இங்கிலாந்து, அயர்லாந்து கரைகளில் இருப்பவர்களுக்கு ஆர்என்எல்ஐ என்ற கடல் மீட்பு அமைப்பின் தன்னார்வலர்கள் கிளப்புகளில் நடத்தும் ஜாக்கெட் சோதனை முகாம்கள் உண்டு, முதல் முறை பிரிக்கப் பயமாக இருந்தால் அங்கே கொண்டுபோய், அவர்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து பாருங்கள்.

விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் முன்கூட்டியே விமான நிறுவனத்தின் அனுமதி கேட்க வேண்டும். விமானத்தின் சொந்த ஜாக்கெட்டுகள் ஏன் தானாக நிரம்புவதில்லை என்று சிலர் கேட்பார்கள். 1996 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 961 விமானம் கொமோரோஸ் கடலில் விழுந்தபோது, கேபினுக்குள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பயணிகள், தண்ணீர் ஏறியதும் கூரையோடு ஒட்டி மிதந்து வெளியே வர முடியாமல் போனார்கள். மூடிய கேபின் உள்ள படகிலும் அதே ஆபத்து உண்டு, தானாக நிரம்பும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீழ் அறையில் தூங்காதீர்கள்.

பழைய கிட்டை வீணாக்காதீர்கள்

மாத்திரை காலாவதியாகி, புது கிட் வாங்கி வந்த அன்று பழையதைக் கழற்றிக் குப்பையில் போடாமல், ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தில் இறங்குங்கள், கரையில் யாரையாவது நிறுத்திவைத்துவிட்டு. நாங்கள் வீட்டில் எல்லோரும் இதைச் செய்திருக்கிறோம். ஓரிரு வினாடி ஒன்றும் நடக்காது, அந்த ஓரிரு வினாடி மிக நீளமாக இருக்கும். அப்புறம் காதோரம் ஒரு டப் சத்தம், கழுத்தை யாரோ இரண்டு கையால் பிடித்தது போல இறுக்கம், தலை பின்னால் சாய்ந்து கண்ணுக்கு வானமோ கூரையோ தெரியும். சிலிண்டரைத் தொட்டால் ஐஸ் போலச் சில்லென்று இருக்கும், கேஸ் விரியும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால். அந்த நிலையில் காலிடுக்குப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா, விசில் கைக்கு எட்டுகிறதா, ஊதுகுழாயை வாய்க்குக் கொண்டுவர முடிகிறதா, எல்லாவற்றையும் செய்து பாருங்கள். நீந்துவதும் முன்பு போல இருக்காது, மல்லாந்து கையால் துழாவித்தான் நகர முடியும். சில மணி நேரம் கழித்துப் பை கொஞ்சம் தளர்ந்தால் ஓட்டை என்று நினைக்க வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு சாதாரணக் காற்றைவிட வேகமாகப் பையின் சுவர் வழியாக ஊடுருவும். கடலில் அதிக நேரம் மிதக்க நேர்ந்தால் ஊதுகுழாயில் அவ்வப்போது ஊதிக்கொள்ள வேண்டியிருப்பதும் அதனால்தான்.

வெளியே வந்து காற்றை இறக்கும்போது அதை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள், உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு. உருட்டி இறக்கி, அலசி, ஹெட்டின் உட்புறம் முழுக்க உலரும்வரை ஒரு நாள் விட்டு, புது மாத்திரையை முதலில், புது சிலிண்டரைக் கடைசியில் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் புது சிலிண்டரையும் நிறுத்து, எடையையும் தேதியையும் அதன் மேல் எழுதிவிடுங்கள்.